தெரிந்ததும் தெரிவதும்

சித்திரம் எழுதத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. எழுதிப் பார்த்து, வரவில்லை என்று விட்டவர்கள் ஒரு வகை. "உனக்கு வராது" என்று பிறர் சொன்னதை நம்பி, எழுதிப் பார்க்காமலே விட்டவர்கள் மற்றொரு வகை. நாம் வெகு காலம் இந்த இரண்டாவது வகையில் சேர்ந்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், நமது ஊர்ச் சந்நிதித் தெருவைப் படமாக எழுதிக் கொண்டு போனோம். தெருவின் கோடியில் கோபுரம். இரு பக்கமும் வீடுகள். நடுவில் ஒரு மாடு. மாட்டைப் பற்றி நமக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. தெருவைப் பற்றி யாதொரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் டிராயிங் உபாத்தியாயர் மாட்டை ஒன்றும் சொல்லவில்லை. தெருவின் குறுக்கே சிவப்புப் பென்ஸிலால் ஒரு கோடு இழுத்து, "பெர்ஸ்பெக்டிவ் இல்லை" என்று எழுதினார்.

"ஸார், அப்படி என்றால் என்ன?" என்று கேட்டோம்.

"அது உனக்கு வராது. போய் உட்கார்" என்றார்.

போய் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் எழுந்திருக்கவே இல்லை.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு படத்துடன் நம்மிடம் வந்தாள். வயது பன்னிரண்டு. படத்தைப் பார்த்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே தெரு! வீதி, ஏணியைச் சார்த்தியது போல் மேல் நோக்கி ஏறிக் கொண்டிருந்தது. இரு பக்கத்து வீடுகளும், வீதிக்கு வெளியே மல்லாந்து படுத்துக் கொண்டு, வாசற்கதவுகளைக் காட்டின. உச்சியில் கோபுரம் மட்டும் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. ஒரு திண்ணையில் அவளுடைய பாட்டி உட்கார்ந்திருந்தாள். படத்தின் மேல், சிவப்பு மையில், அந்தப் பழைய இரண்டு சொற்கள்!

பள்ளிக்கூடம் வேறு, காலம் வேறு, மையின் நிறம் மட்டும் மாறவில்லை.

"மாமா! எங்கள் புஸ்தகத்திலே அஜந்தா படம் போட்டிருக்கிறது. அதிலேயும் பெர்ஸ்பெக்டிவ் கிடையாது என்று டீச்சரே சொன்னார்கள். ஆனால் அதை மட்டும் உலகப் புகழ் பெற்றது என்று நெட்டுருப் போடச் சொல்லுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் சிவப்பு மை?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதற்குள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெர்ஸ்பெக்டிவ் என்பது என்ன, அதைக் கற்றுக் கொள்ளுவது எப்படி என்பது ஒன்று. அது இல்லாத சித்திரம் குறையுள்ள சித்திரமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் காண எங்கள் இருவருக்கும் இரண்டு சாயங்காலங்கள் போதுமாயிருந்தன. இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் விடவில்லை. நேயர்கள் வீட்டிலும் சிவப்பு மை பட்ட குழந்தைகள் இருக்கக் கூடும். ஆகையால் இரண்டு பதில்களையும் இந்த வாரம் சொல்லிவிடுகிறோம்.

* * *

நமது வீடு தெரு திரும்பும் மூலையில் இருக்கிறது. மாடி ஜன்னலண்டை நின்றால் தெரு முழுவதும் கோபுரம் வரையில் தெரியும். அங்கே அந்தப் பெண்ணை நிறுத்தி, "ஒரு கண்ணை மூடிக் கொள். தலையை அசைக்காதே. கோபுரம் எத்தனை ஜன்னல் கம்பிகளுக்குள் அடங்குகிறது, சொல்" என்றோம்.

"ஒரே சந்துக்குள் அடங்கிப் போச்சு, மாமா!"

"கீழே நிற்கிற காய்கறி வண்டி?"

"மூன்று சந்து!"

"அப்படியானால் கோபுரத்தை விட வண்டி பெரிதா?"

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பிலேயே பாடம் பாதி முடிந்துவிட்டது. கோபுரம் பெரிது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். கோபுரம் சிறிதாக இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். நமது தமிழில் 'தெரிதல்' என்னும் ஒரே சொல் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. மனத்துக்குத் தெரிவதும் தெரிவதுதான்; கண்ணுக்குத் தெரிவதும் தெரிவதுதான். சித்திரம் எழுதப் புதிதாய்ப் பழகுகிறவர்களுடைய கஷ்டமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கை வரையப் போவது கண்ணுக்குத் தெரிவதை, ஆனால் மனம் நடுவில் புகுந்து, "அது சரியல்ல, எனக்குத் தெரிந்ததைப் போடு!" என்கிறது. மேஜைக்கு நான்கு கால்கள் உண்டென்று தெரிந்த குழந்தை, நான்கு கால்களையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவது இதனால்தான்.

பெர்ஸ்பெக்டிவ் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ஒன்றின் ஊடே பார்ப்பது என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. ஜன்னலின் ஊடே ஒற்றைக் கண்ணால் பார்த்து, கண்ணாடியின் மேல் எது எங்கே படுகிறதோ அதை அப்படியே குறித்துக் கொண்டால் அதுதான் பெர்ஸ்பெக்டிவ். தமிழில் தூரத் தோற்றம் என்று சொல்லலாம்.

தூரத்துக்கும் தோற்றத்துக்கும் உள்ள கணக்கு மிகவும் நேர்மையான கணக்கு. தூரம் இரண்டு பங்கானால் தோற்றம் பாதியாகும். நான்கு பங்கானால் கால் பங்காகும். கையை நீட்டிக் கண்ணிலிருந்து இரண்டடி தூரத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துப் பாருங்கள். 24 அடி தூரத்தில் நிற்கும் ஆறடி மனிதர் அதில் 6 அங்குலம் இருப்பார். 48 அடிக்குப் போனால் 3 அங்குலம். 96 அடிக்குப் போனால் ஒன்றரை அங்குலம். நூறடிக் கோபுரம் 800 அடிக்கு அப்பால் இருந்தால் அதுவும் 3 அங்குலந்தான். 48 அடியில் நிற்கும் மனிதரும் 800 அடியில் நிற்கும் கோபுரமும் அளவுகோலின் முன்னிலையில் சமம்!

* * *

அடுத்த சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். தூரத் தோற்றத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரமான கோடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கக் கடற்கரையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கடலும் வானமும் சேரும் இடத்தில் நேராக ஓடுகிறதே, அந்தக் கோடுதான்.

மணலில் உட்கார்ந்து பார்த்தோம். கோடு நம் கண்ணுக்கு நேராக இருந்தது. எழுந்து நின்றோம். கோடும் எழுந்து கண்ணுக்கு நேராக நின்றது. மாடியில் ஏறினாலும், மலையில் ஏறினாலும் அது நம்மோடு கூடவே ஏறி வரும். எஜமானனை விட்டுப் பிரியாத நாய் மாதிரி. இதைக் கண் மட்டக் கோடு என்று வைத்துக் கொள்ளலாம். வீடுகளும் மரங்களும் கடலை மறைத்துக் கொண்டிருக்கும் ஊர்களிலும் இந்தக் கோடு இருக்கவே இருக்கிறது. நம் கண்ணின் உயரத்தில் ஒரு நூலைக் கட்டினாற்போல் எண்ணிக் கொள்ள வேண்டியதுதான்.

நின்றபடி கூட்டத்தைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. சம தரையில் நம் உயரமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்றாலும் சரி, எட்டத்தில் எறும்பு போல் நின்றாலும் சரி, அவருடைய கண்கள் கடற்கோட்டின் மேலேயே இருந்தன. எட்டப் போகப் போக மனிதர்களின் கால்தான் மேலே ஏறியது. தலை இருந்த இடத்தில் இருந்தது. உட்கார்ந்து பார்த்தபோதோ, அந்தக் கோடு நிற்பவர்கள் எல்லோருடைய இடுப்பையும் வெட்டிக் கொண்டு போயிற்று. கூட்டத்தைப் படம் எழுதுகிறவர்களில் பலர் தூரத்து மனிதர்களைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், ஒருவரைப் பள்ளத்திலும் மற்றொருவரை ஆகாயத்திலும் நிறுத்திவிடுகிறார்கள். கண் மட்டக் கோட்டை முதலில் இழுத்துக் கொண்டால் இந்த விபத்து நேராது.

இனி, அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. ரயில் தண்டவாளத்தின் நடுவே நின்று நேரே பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் எட்டத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருவதாகத் தோன்றும். (ரயில் வராத தண்டவாளமாகப் பார்த்துக் கொள்ளவும், படத்தில் பார்த்தால் இன்னும் உத்தமம்.) நாம் நேரே பார்க்கும் திசையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் சமமட்டக் கோடுகள் எல்லாம் அந்த ஒரே புள்ளியில் மறைகின்றன. அதனால் அதை மறையும் புள்ளி என்போம். கண்ணுக்கு மேலே உள்ள கோடுகள், கூரையின் விளிம்பு போன்றவை, அந்தப் புள்ளியை நோக்கி இறங்கும். கண்ணுக்குக் கீழே உள்ளவை, திண்ணையின் விளிம்பு போன்றவை, அந்தப் புள்ளியை நோக்கி ஏறும். நமக்குக் குறுக்கே ஓடும் கோடுகள் குறுக்காகவே இருக்கும். செங்குத்தானவை செங்குத்தாகவே நிற்கும்.

ஒரு கோடு, ஒரு புள்ளி. இவ்வளவுதான் முப்பது வருஷமாக நமக்கு வராமல் இருந்த வித்தை!

* * *

இவ்வளவு எளிய விஷயம் உலகத்துக்கே வெகு காலம் வரவில்லை என்பதை அறிந்தபோது நமக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. எட்டத்திலுள்ள பொருள் சிறிய கோணத்தில் தெரிகிறது என்பதைக் கிரேக்க யூக்ளிட் கி.மு. 300 வாக்கிலேயே எழுதி வைத்தார். ஆனாலும் எல்லாக் கோடுகளையும் கணக்குப் பிசகாமல் ஒரே புள்ளிக்குக் கொண்டு போகும் முறை இத்தாலியில், ப்ளாரென்ஸ் நகரத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான் உருவாயிற்று.

அதைச் செய்து காட்டியவர் பிலிப்போ புருனெல்லெஸ்கி (1377-1446). பொற்கொல்லர் தொழில் பழகியவர். பிற்காலத்தில் அந்நகரத்து மாதா கோயிலின் மகத்தான கும்மட்டத்தைக் கட்டியவர். அவர் மாதா கோயில் வாசலுக்குள் சற்றுத் தள்ளி நின்று, எதிரே இருந்த எட்டுப் பட்டை ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் தீட்டினார். பலகையில், தாம் நேர் நோக்கிய இடத்தில், ஒரு துளையிட்டார். படம் உள்ள பக்கத்தில் அந்தத் துளை ஒரு பருப்பு அளவே இருந்ததாம். பார்ப்பவர் பலகையின் முதுகுப் பக்கம் கண்ணை வைத்து, மறு கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, அதில் பிரதிபலிக்கும் படத்தைப் பார்க்க வேண்டும். வானம் இருக்க வேண்டிய இடத்தில் வர்ணம் பூசாமல் பளபளப்பான வெள்ளித் தகட்டைப் பதித்திருந்தார். அதில் உண்மையான மேகங்கள் நிழலாடின. கண்ணாடியை விலக்கினால் மண்டபம், வைத்தால் படம். எது எது என்று பார்ப்பவர் மயங்கினார்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய மானெட்டி சொல்லுகிறார். அந்தப் பலகை இன்று இல்லை. காலம் கொண்டு போய்விட்டது.

துளை எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். கண் இங்கே அங்கே நகரக் கூடாது என்பதற்காகத்தான். தூரத் தோற்றத்தின் மர்மம் முழுவதும் அந்தத் துளையில் அடங்கியிருக்கிறது. ஒரு கண், ஓர் இடம், ஒரு கணம்.

இந்த முறையை லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி என்பவர் 1435-ல் நூலாக எழுதினார். படம் என்பது திறந்த ஜன்னல் போன்றது என்றும், கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் கட்டங்கட்டமாக நூலோடிய மெல்லிய திரையைக் கட்டிப் பார்த்து எழுதலாம் என்றும் சொன்னார். நமது மாடி ஜன்னலின் கம்பிகள் செய்த வேலையை அந்த நூல்கள் செய்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1427 வாக்கில், மஸாச்சியோ என்ற வாலிபர் ஒரு தேவாலயச் சுவரில் சிலுவைக் காட்சி ஒன்றைத் தீட்டினார். அதன் கண் மட்டக் கோடு, எதிரே தரையில் நின்று பார்ப்பவரின் கண் உயரத்திலேயே அமைந்தது. அதனால் சுவரைக் குடைந்து உள்ளே ஒரு மண்டபம் கட்டியது போல் தோன்றிற்று. மிலான் நகரத்தில் லியனார்டோ டாவின்ஸி தீட்டிய 'கடைசி விருந்'தில் எல்லாக் கோடுகளும் ஏசுநாதரின் சிரத்தில் வந்து கூடுகின்றன. அந்தச் சுவரைப் பழுது பார்த்த நிபுணர்கள், நெற்றிப்பொட்டின் அருகில் ஓர் ஆணித் துளையைக் கண்டார்கள். அந்த மகா மேதையும் ஆணியடித்து நூல் பிடித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்! நம் வீட்டுக் குழந்தை அளவுகோல் வைத்துக் கொண்டால் என்ன அவமானம்?

* * *

இனிக் கடுதாசியும் பென்ஸிலும் எடுத்துக் கொள்ளலாம்.

தெருவை எழுதுவதற்கு முதலில் கண் மட்டக் கோட்டை மெல்லிசாக இழுங்கள். மறையும் புள்ளியைக் குறியுங்கள். வீதியின் இரண்டு ஓரங்கள், திண்ணை விளிம்புகள், கூரை விளிம்புகள் எல்லாவற்றையும் அந்தப் புள்ளிக்குக் கொண்டு போய்ச் சேருங்கள். வீடுகளைப் பிரிக்கும் கோடுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மல்லாந்து கிடந்த வீடுகள் எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். எங்கள் பெண் இந்த இடத்தில் கையைத் தட்டினாள்.

ஒரு சுவரின் நடுவில் வாசற்கதவு வைக்க வேண்டுமா? அளவுகோலால் அளந்து நடுவைக் கண்டுபிடித்தால் பிசகிவிடும். சுவரின் எதிரெதிர் மூலைகளை இரண்டு குறுக்குக் கோடுகளால் சேருங்கள். அவை வெட்டும் இடந்தான் நடு. நம் பக்கத்துப் பாதி பெரிதாகவும் அப்பக்கத்துப் பாதி சிறிதாகவும் இருக்கும். அதுவே சரி.

வரிசையாக மின்சாரக் கம்பங்கள் நிறுத்துவதற்கும் இதே உபாயந்தான். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் மறையும் புள்ளிக்குக் கோடுகள் இழுங்கள். அந்தக் கோடுகளுக்கு இடையில் இரண்டாவது கம்பத்தை உத்தேசமாக நிறுத்தி, அதன் மத்தியைக் குறியுங்கள். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து அந்த மத்தியின் வழியாக ஒரு சாய்வுக் கோடு இழுத்தால், அது கீழ்க் கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது கம்பம் முளைக்கும். நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே. கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் தானாகவே குறுகிக் கொண்டு போகும்.

காபி டம்ளரை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். வாயை முட்டை வடிவமாகப் போடுகிறார்கள். அடியை மட்டும் நேர்க்கோடாகப் போட்டுவிடுகிறார்கள். டம்ளர் தரையில் உட்கார்ந்திருக்கிறதென்று மனத்துக்குத் தெரிந்துவிட்டது, தரை நேரானதல்லவா? ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் அதன் வாய் ஒரே கோடாகிவிடும். கீழே இறக்க இறக்க வாய் அகன்று திறக்கும். அடிப்பாகம் வாயை விடக் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவை விடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். குடம், செம்பு, டவரா எல்லாவற்றுக்கும் இது பொது விதி.

மூலை வீட்டை எழுதும்போது ஒரு புள்ளி போதாது, இரண்டு வேண்டும். இடது சுவர் இடப் பக்கத்துப் புள்ளிக்கும் வலது சுவர் வலப் பக்கத்துப் புள்ளிக்கும் ஓடும். இரண்டு புள்ளிகளும் அதே கண் மட்டக் கோட்டில்தான் இருக்கும். அவற்றை நெருக்கமாக வைத்தால் வீடு கப்பலின் மூக்கைப் போல் நம்மை இடிக்க வரும். ஆகையால் படம் எழுதும் கடுதாசியைப் பெரிய பழைய கடுதாசியின் மேல் ஒட்டிக் கொண்டு, புள்ளிகளை வெளியே தள்ளி வையுங்கள்.

* * *

சரி, அஜந்தா என்ன ஆயிற்று?

இந்த விஷயத்தில் நம் தேசத்தில் இரண்டு கட்சிகள் நெடுங்காலம் சண்டையிட்டன. சென்னைச் சித்திரகலாசாலை 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியரால் தொடங்கப்பட்டது. அத்தகைய பள்ளிகளின் வழியாக ஐரோப்பிய முறை இங்கே வேரூன்றிற்று. ராஜா ரவிவர்மா (1848-1906) எண்ணெய் வர்ணத்தையும் தூரத் தோற்றத்தையும் கைக்கொண்டு நம் புராணக் கதைகளைத் தீட்டினார். 1894-ல் அவர் நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த படங்கள் பூஜை அறைதோறும் ஏறின. "தூரத் தோற்றம் இல்லாததே நமது பழைய சித்திரங்களின் குறை" என்று ஒரு கட்சி சொல்லிற்று. "அந்த மேல்நாட்டுச் சரக்கே நமக்கு வேண்டாம்" என்று மறு கட்சி சொல்லிற்று. 1884-ல் சென்னைக் கலாசாலைக்குத் தலைவராக வந்து, 1896-ல் கல்கத்தாவுக்குப் போன ஹாவெல் என்ற ஆங்கிலேயரே, இந்திய மாணவர்கள் இந்திய மரபில் பழக வேண்டும் என்று வாதாடினார். அவரோடு சேர்ந்து நின்ற அவனீந்திரநாத டாகுர் 1905-ல் 'பாரத மாதா'வைத் தீட்டியபோது, அவளுக்குப் பின்னால் ஓடி மறையும் தெருவோ தூணோ வைக்கவில்லை.

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் உண்டு. பாதிதான் உண்டு.

நம் முன்னோர் கண்ணால் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் உடம்பின் ஒன்பது நிலைகளைச் சொல்லி, திரும்பி நிற்கும் உடம்பில் எந்தப் பாகம் குறுகும், எது விரியும் என்பதை க்ஷயம், விருத்தி என்று பெயரிட்டே விளக்குகிறது. அஜந்தாவில், சரிந்து உட்கார்ந்த பெண்களின் கையையும் தோளையும் பார்ப்பவர்கள் அது வெறும் ஏட்டுப் படிப்பல்ல என்று அறிவார்கள். ஆனால் அவர்கள் கண்ணை ஒரு துளையில் கட்டிப் போடவில்லை. குகையின் சுவர் நெடுகக் கதை நடக்கிறது. ஒரே சுவரில் ஒரு ஜாதகக் கதையின் பல கட்டங்கள். பார்க்கிறவர் விளக்கைப் பிடித்துக் கொண்டு நடக்கிறார். நடக்கிறவருக்கு ஒரே மறையும் புள்ளி எப்படிப் பொருந்தும்?

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலுக்குப் போயிருப்பவர்கள் இன்னும் எளிதில் புரிந்து கொள்ளுவார்கள். அங்குள்ள குகைக் கோயிலின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கருதப்படும் தாமரைத் தடாகம் இருக்கிறது. தாமரை பறிப்பவர்கள், யானை, எருமை, பறவை, மீன் எல்லாம் அதில் உண்டு. நீருக்குள் இருக்கும் மீனும் முழுதாய்த் தெரிகிறது. நீருக்கு மேல் நிற்கும் மலரும் முழுதாய்த் தெரிகிறது. அண்ணாந்து பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தடாகம் தடாகமே. விதானத்தில் கண் மட்டக் கோட்டைத் தேடுவது வானத்தில் வாசற்படியைத் தேடுவது போல. ப்ளாரென்ஸ் நகரத்தார் தெரிவதை எழுதினார்கள். சித்தன்னவாசலில் எழுதியவர் தடாகத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினார். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை என்று சிவப்புக் கோடு இழுப்பது, வீணையில் தாளம் கேட்கவில்லை என்று மிருதங்க வித்துவான் கோபிப்பதற்குச் சமம்.

மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இபன் அல்-ஹைத்தம் என்ற அரபு அறிஞர், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் படுவதாலேயே நாம் காண்கிறோம் என்று சோதனைகளுடன் நூல் எழுதினார். அந்த நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு இத்தாலிக்குப் போயிற்று. கிரேக்கர் கணக்கு, அரபியர் ஒளி, இத்தாலியர் பலகை. ஒரு வீட்டுச் சமையலுக்கு மூன்று வீட்டுக் காய்கறி! ஐரோப்பாவே பிற்பாடு இதை ஒரு மூலையில் வைக்கத் துணிந்தது. பாரிஸ் நகரத்தில் பிக்காஸோ 1907-ல் ஒரே முகத்தைப் பல பக்கங்களிலிருந்தும் பார்த்துத் தீட்டத் தொடங்கினார். ஆனால் அவர் சித்திர ஆசிரியரின் பிள்ளை. சிறு வயதிலேயே இந்த விதிகளைக் கரைத்துக் குடித்தவர். வேண்டாம் என்று வைப்பதற்கும் ஒரு பொருள் முதலில் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

ஆகையால் குழந்தைக்கு நாம் சொன்னது இதுதான்: "கற்றுக் கொள். தெருவை நின்ற இடத்திலிருந்து பார்த்தபடி எழுத வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை. தெருவை உனக்குத் தெரிந்தபடி எழுத வேண்டுமென்றால் உன் பழைய வழியே வழி. எதை எழுதுகிறாய் என்பது மட்டும் உனக்கே தெளிவாக இருக்கட்டும்." உபாத்தியாயர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நமது வேண்டுகோள் வேறு. "இல்லை" என்று எழுதுங்கள், தவறில்லை. அடுத்த வரியில் அது என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். இரண்டு சாயங்கால வேலைக்காக ஒரு குழந்தையை முப்பது வருஷம் உட்கார வைக்க வேண்டாம்.

* * *

அந்தப் பெண் மறுபடியும் தெருவை எழுதினாள். இந்தத் தடவை எழுத ஆரம்பிக்கும் முன், "மாமா, நான் எங்கே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முதலில் வைத்துக் கொள்ளணும், இல்லையா?" என்று தானே கேட்டாள். பாட்டி உட்காரும் திண்ணையின் மறு கோடியில் போய் உட்கார்ந்தாள். கண் மட்டக் கோடு தாழ்ந்தது, கூரைகள் உயர்ந்தன, வீதி படுத்துக் கொண்டது, கோபுரம் எட்டத்தில் மூன்று அங்குலத்தில் நின்றது. பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்த பாட்டி ஆறு அங்குலம் வந்தாள்.

படத்தைப் பாட்டியிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக் கொண்டு பார்த்தாள். "ஏண்டி! கோபுரத்தை விட நான் உசரமா? அபசாரம், அபசாரம்!" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டாள். பிறகு சிவப்பு மை பட்ட பழைய படத்தை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு, மல்லாந்து கிடந்த வீடுகளின் வாசல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டு, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். புதிய படத்தில் அதைச் சொல்ல முடியாது. எட்டத்து வீடுகளின் வாசல்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாய் மறைந்துவிட்டன.

பேத்தி இரண்டு படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நாமும் முப்பது வருஷத்துக்கு முந்திய நமது சந்நிதித் தெருவை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தோம். வீதி சரியாக வந்தது. வீடுகள் வந்தன. கோபுரமும் வந்தது. மாடு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அதற்குப் பெர்ஸ்பெக்டிவைக் குறை சொல்ல நியாயமில்லை.